விரிசலுக்கு ஒரு வரி

விபத்துக்குப் பின் கண்ணீர் விடும் நீங்கள், அதற்கு முன் எழுந்த குரலுக்கு என்றாவது செவி கொடுத்ததுண்டா?

பயணிகள் விமானமொன்றின் இறக்கையைத் தாங்கிய மரையாணியில் விரிசல் விழுந்தது. அந்த ஆணி, விமானம் நின்ற கொட்டகையின் அலமாரியிலிருந்த ஆண்டுக் குறிப்பேட்டிடம் கெஞ்சியது: “அண்ணே, உங்களைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். என் விரிசலை ஒரு வரி எழுதுங்கள். நாளைக் காலையில் நூற்றிருபது பேர் ஏறுகிறார்கள்.”

குறிப்பேடு சிரித்தது. “போர் விமானங்களின் அணிவகுப்பு, புதிய விமானத்தின் முதல் பயணம், மலையில் மோதி நொறுங்கிய மூன்று விமானங்கள். இவைதாம் இவ்வாண்டின் நிகழ்ச்சிகள். விரிசலெல்லாம் ஒரு நிகழ்ச்சியாடா, தம்பி? முதலில் உடைந்து காட்டு. முழுப் பக்கமே தருகிறேன்.”

மரையாணி பதறியது. “எனக்குப் பக்கமே வேண்டாம், அண்ணே! கொட்டகையைப் பூட்டப் போகிறார்கள். இன்றே எழுதுங்கள், என்னைக் கழற்றி எறியட்டும்!”