கரட்டு அருவி

வெயிலுமுத்து ஆயுசுக்கும் ஆடு மேய்த்த கரட்டுக் குன்றில் அருவி கொட்டுவதாக ஒரு வீடியோ வந்திருந்தது. ‘நம்ம ஊரு சொர்க்கம்’ என்று எழுதி ஊரே அதை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. மருமகள் சுடலைவடிவும் அனுப்பினாள்.

“எவனோ எங்கேயோ எடுத்து நம்ம ஊர்ப் பேரை ஒட்டியிருக்கான். அங்க நாய் நக்கத் தண்ணி கிடையாது. ஆட்டுக்கு நாந்தான குடத்துல சுமந்து ஊத்துதேன்?” என்றார்.

“இத்தனை பேருமா பொய் சொல்லுதாவ? ஒங்களுக்கு எதைத்தான் நம்ப முடிஞ்சிருக்கு மாமா!”

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தவர்கள் அருவிக்கு வழி கேட்டார்கள். ஏமாந்து வந்து மருமகள் காதுபட ஏசட்டும் என்று, வெறும் பாறையாய்க் கிடக்கும் மேற்குச் சரிவைக் கைகாட்டிவிட்டார். அவர்கள் தலை சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். “நல்லா வழி சொன்னீங்க பெரியவரே” என்று ஒருவன் ஈரக்கையால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வேன் போனதும் அவர் சரிவில் ஏறினார். ஒவ்வொரு பாறையாகத் தடவிப் பார்த்தார். பாறை சுட்டது. பொட்டு ஈரமில்லை. ‘களவாணிப் பயலுக, பாட்டில் தண்ணிய தலையில ஊத்திக்கிட்டு வந்திருக்கானுக’ என்று தனக்கே சொல்லிக்கொண்டு இறங்கினார். குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி ஆடுகளைக் கூப்பிட்டார்.

சரிவிலிருந்து இறங்கி வந்த ஆடுகள் வயிறு புடைக்க நின்றன. ஒன்றுகூடத் தொட்டியை மோந்து பார்க்கவில்லை. கிடாயின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து அந்தத் தாடியை இறுக்கிப் பிடித்தார்.

“எங்கடா போயிட்டு வார?” என்றார்.