நண்டின் கொடுக்கில் கோரைப்புல்

எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும் ஒரு தாமரைக் குளம். அதன் அடியில் இரண்டு கொடுக்குகளையும் கோரைப்புல்லால் கட்டிக்கொண்டு ஒரு நண்டு வாழ்ந்துவந்தது. ஒரு காலத்தில் எல்லோரையும் வெட்டித் திரிந்த நண்டு அது. குளமே திரண்டு அதை அடக்கியபோது, இனிக் கட்டோடுதான் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தது. மழைக்கு மழை தவளை வந்து புதுப் புல்லால் கட்டிவிட்டுப் போகும். தவளையின் பின்னங்காலில் ஒரு விரல் இல்லை. அது நண்டு வெட்டியது.

இந்த மழைக்கு எதிர்க்கரையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு குடிவந்தது.

"கொடுக்கைக் கட்டிப்போட்டுட்டு, பாம்பைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று கெண்டை மீன் தவளையைக் கேலி செய்தது. "அவுத்து விடுக்கா!"

தவளை தன் தலைப்பிரட்டைகளைப் பார்த்தது. "நீ என்ன சொல்ற தம்பி?" என்று நண்டைக் கேட்டது.

"பாம்பைவிட என்னை நினைச்சாத்தான் பயமா இருக்குக்கா. கனவுல நான் இன்னும் வெட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

தவளை பழைய புல்லைக் கடித்து அறுத்தது. புதுப் புல்லை, இழுத்தால் அவிழும்படி தளர்வாகச் சுருக்கிட்டு, நுனியை நண்டின் வாயில் கொடுத்தது.

"பாம்பு வந்தா மட்டும் இழு."

"வேற எதுக்காவது இழுத்துட்டேன்னா?"

தவளை தலைப்பிரட்டைகளை ஓட்டிவந்து, அந்தக் கொடுக்குகளுக்கு நடுவே விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவை தூங்கிப்போயின. புல்நுனியைக் கவ்வியபடி, நண்டு மட்டும் அசையாமல் விழித்திருந்தது.