சிவப்புத் தொட்டிக்குத் தண்ணீர் கிடையாது

சாக வேண்டியது சாகவில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜன்னல் மேடையில் இருந்த சிவப்புத் தொட்டியை மறுபடியும் பார்த்தாள். பீன்ஸ் செடி பளபளவென்று நின்றது; போதாக்குறைக்குப் புதிதாக ஓர் இலை வேறு. பக்கத்திலிருந்த பச்சைத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் உண்டு, சிவப்புத் தொட்டிக்கு ஒரு வாரமாகக் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டால் செடி வாடிவிடும் என்று காட்டுவதுதான் வீட்டுப் பள்ளிக்கூடத்தின் இந்த வார அறிவியல் பாடம்.

இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? அத்தை வேறு வந்திருக்கிறாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதெல்லாம் விளையாட்டுத்தனம் என்பது அவள் கட்சி.

"ஒரு வாரம் தங்கிப் பாக்கறேன். திருப்தியா இல்லன்னா ரெண்டு பேரையும் என் ஸ்கூல்ல சேத்துடணும்" என்று தம்பியிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பெட்டியைக் கீழே வைத்தாள். தம்பிக்கோ அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த ஒரு வாரமும் அம்மா பம்பரமாகச் சுற்றினாள். தோட்டத்தில் வெண்டைக்காய் பறிக்கும்போதே கூட்டல் கழித்தல், தக்காளிக்குக் குச்சி நடும்போதே அளவுப் பாடம். அத்தை காற்றுக்காக ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அத்தனையையும் கவனித்தாள். குழாயைச் சரியாக மூடாமல் வந்தால் திருப்பி அனுப்பி மூட வைத்தாள். பாராட்டி ஒரு வார்த்தை? மூச்.

கடைசி நாளில் அசத்திவிடலாம் என்றுதான் தொட்டிச் சமாசாரத்தை அவளிடம் மட்டும் மறைத்து வைத்திருந்தார்கள். அசந்துபோனது என்னவோ அம்மாதான்.

"இதுக்குத் தண்ணியே ஊத்தலையா? பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள் அத்தை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

"ஊத்தலை அண்ணி. ஊத்தக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன்."

"சொல்லியிருந்தே. கேட்டாங்களா?"

எல்லார் கண்களும் சின்னவன் மேல் போயின. போகாதா பின்னே? எறும்பு ஈரத்தில் மாட்டினால்கூட இலையை நீட்டிக் கரையேற்றுகிற பிள்ளை. முதல் நாளே சிவப்புத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, "இதுக்குத் தாகம் எடுக்காதாம்மா?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தான்.

"நான் ஊத்தலை. ஊத்தணும்னு ஆசையா இருந்துச்சு. ஆனா ஊத்தலை" என்றான் சின்னவன். சொல்லும்போதே உதடு பிதுங்கியது.

"நானும் இல்ல. பச்சைத் தொட்டிக்கு மட்டும்தான் ஊத்துனேன்" என்றாள் பெரியவள்.

அத்தை தம்பியைப் பார்த்தாள். "என்னை ஏன்க்கா பாக்கறே? எது செடி எது களைன்னே எனக்குத் தெரியாது. போன மாசம் கொத்தமல்லியைப் பிடுங்கிப் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்" என்று அப்பா நழுவினார்.

"அப்போ செடி தானா எழுந்துபோய்க் குடிச்சுட்டு வந்துச்சா?"

பாடம் சொதப்பினால் போகட்டும், இன்னொரு விதை போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று நினைக்கிறாளே, அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

"என் பசங்களுக்குக் கணக்கு தப்பா வரலாம் அண்ணி. பொய் வராது" என்றாள் அழுத்தமாக.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே ஒற்றைக் குரலில் அடக்கிப் பழகியவள்.

"சரி, இதோட முடிச்சுக்கலாம். அந்தத் தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துனாங்களோ, அவங்க நாளைக்கே என் ஸ்கூலுக்குக் கிளம்பணும். ஊத்தாதவங்க தாராளமா வீட்லயே இருக்கட்டும். இதுதான் என் முடிவு, இதுல மாத்தமே கிடையாது. என்ன தம்பி?"

"நீ சொன்னா சரிக்கா" என்றார் அப்பா. சின்னவன் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பேசிப் பேசி அத்தைக்கு நா வறண்டது. பெரியவள் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை பாதியைக் குடித்தாள்.

"பசங்கன்னா ஒரு ஒழுங்கு வேணும். செய்யாதேன்னு சொன்னா செய்யக் கூடாது" என்று பேசிக்கொண்டே, மிச்சத் தண்ணீரைத் தலையைக்கூடத் திருப்பாமல் கைக்கு எட்டிய சிவப்புத் தொட்டியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டும் விழட்டும் என்று டம்ளரைக் கவிழ்த்து ஒரு தட்டும் தட்டினாள். "பழக்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சின்ன வயசுலயே..."

யாருமே தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சின்னவன் அத்தை பக்கத்தில் போய் அவள் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"பாவம்மா அத்தை. தனியாவா ஸ்கூலுக்குப் போகணும்?"