சத்தம் வேணும்

"வீட்டு வேலைக்குத்தானே? இந்த வட்ட ரம்பத்தை எடுத்துக்கோங்க சார். அவ்வளவா சத்தம் வராது," என்றார் கடைக்காரர்.

"சத்தம் வரணும்," என்றான் அண்ணன்.

தங்கை மூலையில் கிடந்த மலிவான மெஷினைக் காட்டினாள். "அதை ஓட்டிக் காட்டுங்க."

"அது வேணாம்மா, காது கிழிஞ்சிடும். பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும், ஓட்டுங்க."

கடையே அதிர்ந்தது. இருவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"இதேதாண்ணா! கிளம்பும்போது இருமுது பாரு!"

யார் மேலோ செம கடுப்பு போல என்று நினைத்தபடி கடைக்காரர் பில் போட்டார்.

ஞாயிறு மதியம். கொல்லைப்புறத்தில் அப்பாவின் பழைய பெஞ்சில் பலகையை வைத்து அண்ணன் மெஷினை ஓட்டினான். தங்கை உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்த இந்த மூன்று மாதமாக அம்மா அந்த அறையை விட்டு வரவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவுமில்லை.

மூன்றாவது பலகை பாதியில் இருக்கும்போது கதவு படாரென்று திறந்தது.

"ஞாயித்துக்கிழமையாச்சும் மனுஷியைக் கொஞ்சம் கண்ணசர விடுறீங்களா? நிறுத்துங்க அந்தச் சனியனை!"

முப்பது வருடமாக அப்பா வாங்கிய அதே திட்டு. அண்ணன் சட்டென்று மெஷினை நிறுத்தினான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா பெஞ்சருகே வந்து, அறுபட்ட பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"இப்படிக் கோணலாவா அறுப்பாரு உங்கப்பா? போடுடா மெஷினை. இந்த முனையை நான் பிடிச்சுக்கிறேன்."