உப்பு முடிச்சின் படபடப்பு

மழை விட்ட மறுநாள் இருளப்பன் மலையேறக் கிளம்பினார். காலில் அட்டை ஏறினால் ஒற்றி எடுக்க, கைத்தடியின் அடி நுனியில் கல்லுப்பைத் துணியில் முடிந்து கட்டியிருந்தார்.

காட்டுக்குள் நுழைந்ததுமே உப்பு முடிச்சுக்குப் படபடப்பு. "அண்ணே, அந்தப் புல்லுல ஏதோ நெளியுது. என்னை வை, சீக்கிரம்!"

தடி வைத்துப் பார்த்தது. "வெறும் குச்சிடா."

"இந்த இலைக்கு அடியில?"

"மழைத்துளி."

"எதுக்கும் ஒருதரம் வைண்ணே. அவர் காலுக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

அதன் தொல்லை தாங்காமல் தடியும் ஈரப் புல், பாசிக் கல் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒற்றிக்கொண்டே வந்தது. முடிச்சிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. பயத்தில் தனக்கு வேர்க்கிறது என்று முடிச்சு நினைத்துக்கொண்டது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உண்மையாகவே ஓர் அட்டை இருளப்பனின் கணுக்காலில் ஏறியது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று முடிச்சு கத்தியது. இருளப்பன் தடியைத் தூக்கி, முடிச்சை அட்டையின் மேல் அழுத்தினார்.

அட்டை ஒரு கணம் நின்றது.

"யாருப்பா அது, ஈரத் துணியால துடைச்சு விடுறது?" என்று கேட்டுவிட்டு, மேலே ஏறிப் போனது.