ஐந்தடி அளவுகோல்

எங்கள் ஊர் அகழாய்வுக் குழியில் அந்த யவனச் சாடியை முதலில் கண்டது நான். நான்கு நாள் குந்தியிருந்து, கீறல் விழாமல் தூரிகையால் மண்ணை விலக்கியதும் நான்தான். படம் எடுக்கும் நேரத்தில் அளவுகோலைக் காணவில்லை. தொல்லியல் அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சாடியின் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா. புத்தகத்துல சாடிதான் தெரியணும்."

மண் சுமந்துகொண்டிருந்த சீனியம்மாக்கா விடவில்லை. "கண்டெடுத்த புள்ள சார் அது. புத்தகத்துல அது பேரப் போடுவீகளா?"

"அளவுகோலுக்குப் பேரு எதுக்கு?" என்றார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். "உயரம் மட்டும் சொல்லு."

"அஞ்சடி சார்."

அதை எழுதிக்கொண்டார். எனக்குக் காது எரிந்தது. அவர் கேமராவில் கண்ணை வைத்ததும், பாவாடைக்குள் முழங்காலை மெல்ல மடக்கி ஒரு சாண் இறங்கினேன். தொடை நடுங்க நடுங்க, "போதும்" என்று அவர் சொல்லும்வரை அப்படியே நின்றேன்.

இனி அந்தப் படத்தை வைத்துச் சாடியை அளக்கட்டும்.