பிற்பகல் நாலு ஐம்பது

"அண்ணா, உங்க பேனாவுல மை தீந்துபோச்சா?"

முப்பது வருடங்களுக்கு முன்பு, சான்றிதழுக்காகக் காத்து நின்ற ஒரு தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய குழந்தை இப்படிக் கேட்டது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எத்திராஜ் சிரித்துவிட்டார். கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

இந்தக் கதையை அந்தத் தாலுகா அலுவலகத்தில் அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. துணைத் தாசில்தாராக ஓய்வு பெறும் இன்று காலையிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அவர் பொறுப்பை ஏற்கப்போகும் பாபு மட்டும் தலை நிமிராமல் கோப்புக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு மாதமாக எத்திராஜ் சிக்கலான எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஓய்வை நெருங்குகிறவர்கள் அங்கே அப்படித்தான். கடைசி நாள் போட்ட ஒரு கையெழுத்தால் சஸ்பெண்ட் ஆகி, இன்னும் பென்ஷனுக்கு அலைகிறவர்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மணி நாலு நாற்பது. கள்ளிக்குப்பத்திலிருந்து மூன்றாம் நாளாக வந்திருந்த பூங்காவனம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எம்பொண்ணு தீபிகா நர்ஸிங் காலேஜ்ல நின்னுகினு கீது. அஞ்சரைக்குள்ள வருமானச் சான்று போட்டோ அனுப்பலன்னா சீட்டு வேற யாருக்கோ பூடும் சார்."

சர்வர் காலையிலேயே படுத்துவிட்டது. கையால் எழுதித் தரலாம். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவருடைய விசாரணை அறிக்கை கோப்பில் இல்லை. அது இல்லாமல் கொடுப்பதென்றால், 'என் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாளை கேள்வி வந்தால் எழுதியவர் மாட்டிக்கொள்வார்.

"நான் நேர்ல போய்ப் பாத்தேன் சார்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "ஒரே ரூம் வீடு. இட்லி வித்துப் பொழைக்கறாங்க. சொன்னது எல்லாம் நெஜம்."

"உனக்கு இன்னும் வேலையே நிரந்தரம் ஆகலம்மா. நீ ஏன் நடுவுல வர்ற?" என்றார் பாபு.

"உங்களுக்கு உங்க ப்ரமோஷன் லிஸ்ட் கவலை."

"ஆமா. பதினாலு வருஷம் காத்திருந்து இப்பதான் பேரு வந்திருக்கு. ஒரு மெமோ வந்தா போச்சு. கவலப்படாம என்ன பண்றது?"

எத்திராஜின் செல்போன் மறுபடி அதிர்ந்தது. மனைவி கண்ணம்மாதான். பிரிவு உபசார விழா முடிந்ததும் இருவரும் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போவதாக வேண்டுதல். அவர் போனை எடுக்கவில்லை. பூங்காவனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"குடும்மா. சாமி பாத்துக்கும்."

பாபு சட்டென்று எழுந்தார். கிருஷ்ணப்பிரியா நீட்டிய கோப்பைப் பிடுங்கிக்கொண்டு, வேறொரு தாளை மேஜையில் வைத்தார். பொறுப்பு ஒப்படைப்புப் படிவம்.

"மொதல்ல இதுல போடுங்க சார். நேரம் பிற்பகல் நாலு ஐம்பது."

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா பாபு?"

"விழாவுக்கு நேரமாச்சு. போடுங்க."

எத்திராஜ் கையெழுத்துப் போட்டார். பாபுவும் போட்டார். "இனிமே இங்க உங்க கையெழுத்து செல்லாது சார். கெளம்புங்க."

"மனுஷனா சார் நீங்க?" கிருஷ்ணப்பிரியாவின் குரல் உடைந்தது.

"அவரைக் கூட்டிட்டுப் போம்மா. மாலை வாடுது."

எல்லோரும் பக்கத்து ஹாலுக்குப் போனார்கள். பூங்காவனம் வெளியே பெஞ்சில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பாபு கதவைச் சாத்தினார். புதிதாகக் கிடைத்த நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சான்றை எழுதினார். கீழே, 'என் சொந்தப் பொறுப்பில்'. கையெழுத்து, முத்திரை. நேரம் 4.58 என்று குறித்தார். பொறுப்பு கைமாறி எட்டு நிமிடம் ஆகிவிட்டது. இனி யார் கேள்வி கேட்டாலும் எத்திராஜைக் கேட்க முடியாது.

கதவைத் திறந்து தாளை நீட்டினார். "போட்டோ எடுத்து அனுப்பும்மா. சீக்கிரம்."

பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய சார் போட்டாரா?"

"அவர் போட்டதுதான்னு வெச்சுக்க."

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடினாள். பாபு திரும்பி உள்ளே வந்தார். அறையில் யாரும் இல்லை.

ஹாலில் மைக் கரகரத்தது. எத்திராஜ் மறுபடியும் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவில் அவர் குரல் தழுதழுத்தது.

"இன்னைக்கு என்னால ஒரு கையெழுத்துப் போட முடியாமப் போச்சு. அந்தக் கொழந்தை கேட்டா என்ன சொல்லுவேன்? அது இப்ப எங்க இருக்கோ, என்ன பண்ணுதோ..."

பாபு பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். காலியான நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன் சார்."